இட்லி மாவு ஃப்ரிட்ஜும் எலி ஃப்ரீசரும்

வீட்டில் பாம்பு வளர்க்கலாமா கூடாதா என்கிற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. அது தனிக் கச்சேரி, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே வளர்க்கிறவர்களுக்கும், பிள்ளை அழுது புரண்டு கேட்கிறானே, வாங்கித் தரலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல இருக்கிறது. பாம்புக்குச் செத்த எலியைக் கொடுங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்த எலியை எடுத்து, ஐஸ் முழுக்கப் போக வைத்து, வெதுவெதுப்பாக்கி, நீளமான இடுக்கியில் பிடித்துக் கொடுங்கள். உயிருள்ள எலியைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். 'அதுக்காக வீட்டுக்குள்ள செத்த எலியை வச்சுக்கணுமா?' என்று மனசு கூசினால் கூசட்டும், தப்பே இல்லை. ஆனால் அப்படிக் கூசுகிற வீட்டுக்குப் பாம்பு வேண்டாம்.

என்னடா இது, எலி, பாம்பு என்று ஒரு பதிவா என்று முகம் சுளிக்காதீர்கள். இது யாரோ வெள்ளைக்காரன் வீட்டுச் சமாச்சாரம் இல்லை. பெங்களூரிலும் புனேவிலும் மும்பையிலும் நம்மாட்கள் குடியிருக்கிற அடுக்ககங்களிலேயே கண்ணாடித் தொட்டியில் பாம்பு வளர்கிறது. ஏன் என்பதும் பெரிய மர்மம் இல்லை. நாய் வளர்த்தால் லிஃப்டில் கூட்டிப் போகாதே, பார்க்கில் விடாதே என்று அசோசியேஷன் ஆயிரம் சட்டம் பேசும். அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் நாயைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. ஊரில் என்றால் தாத்தா பாட்டி இருப்பார்கள், தெரு இருக்கும். இங்கே பிள்ளைக்கு இருப்பது மூன்றாவது மாடி பால்கனி. பாம்பு குரைக்காது, முடி கொட்டாது, வாக்கிங் கேட்காது, பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை சாப்பிட்டால் போதும். வசதிதானே! அந்த ஒரு முறை என்ன சாப்பிடும் என்று கேட்கிற இடத்தில்தான் வீட்டில் மௌனம் விழுகிறது.

பெரும்பாலும் வளர்ப்பது 'பால் பைதான்' என்கிற ஆப்பிரிக்க மலைப்பாம்பு. பெயரைக் கேட்டுவிட்டு, பால் குடிக்கிற பைதான் என்று நினைத்துக்கொண்ட பெரியவர்கள் உண்டு :-) இது அந்தப் பால் இல்லை, பந்து. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அதனால் அந்தப் பெயர். மேற்கு ஆப்பிரிக்கா, மத்திய ஆப்பிரிக்கா பக்கத்து ஜீவன். விஷம் கிடையாது. சாதுவானது. நம்மைப் பொறுத்தவரை பாம்புக்குப் படைப்பது என்றால் புற்றில் பால் ஊற்றி முட்டை வைப்பது. பால் எந்தப் பாம்புக்கும் உணவே இல்லை. பால் பைதானுக்குத் தேவை முழு எலி. தோல், எலும்பு, குடல் எல்லாம் சேர்ந்த முழு எலி. கால்சியமும் வைட்டமினும் அதற்குக் கிடைப்பதே அப்படித்தான். சிக்கன் துண்டு போட்டுச் சமாளிக்க முடியாது. பன்னீர் பற்றிப் பேச்சே வேண்டாம்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாரை, நல்ல பாம்பு, நம் ஊர் மலைப்பாம்பு எல்லாம் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. வீட்டில் வைத்திருந்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். வெளிநாட்டு இனங்களுக்கு வேறு கணக்கு. 2022-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள், 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. சைட்டிஸ் என்கிற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களையும் அதில் நான்காவது அட்டவணையாகச் சேர்த்தார்கள். பால் பைதான் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி இவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். 'பேப்பர் எல்லாம் ஒண்ணும் வேணாம் சார், எடுத்துட்டுப் போங்க' என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அந்தப் பாம்பு எந்த விமானத்தில் யாருடைய பெட்டிக்குள் வந்ததோ என்று யோசியுங்கள். சென்னை, பெங்களூர், மும்பை விமான நிலையங்களில் சுங்க அதிகாரிகள் பெட்டியைத் திறந்து குட்டிப் பாம்புகளை எடுக்கிற செய்தி அடிக்கடி வருவதுதான்.

சரி, எலிக்கு வருவோம்.

உயிருள்ள எலியைப் போடுவதற்கு நம் வீடுகளில் சொல்லப்படும் காரணங்கள் விதவிதமானவை. எங்கள் வளாகத்தில் இந்தப் பேச்சு வந்தபோது கும்பகோணத்து மாமி ஒருவர் சொன்னது மனதில் நிற்கிறது. "உசிரோட போட்டா அது பாம்போட கர்மா. கொன்னு ஃப்ரீசர்ல வச்சா அது நம்மாத்துக் கர்மா இல்லையோ?" அதே பேச்சில் மதுரைக்காரத் தம்பி ஒருவர், வாரம் தவறாமல் மட்டன் எடுப்பவர், வேறு கட்சி. "கறி வைக்கிற ஃப்ரீசர்ல எலியாண்ணே? வீட்டுல ஒரு பய தண்ணி குடிக்க மாட்டான்." சைவ வீடும் அசைவ வீடும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டன. எலி உயிரோடு வரட்டும், பாம்பு பார்த்துக்கொள்ளட்டும், நம் கையும் ஃப்ரிட்ஜும் சுத்தம்!

மதுரைத் தம்பியின் கவலை நியாயமானது, அதற்குப் பதிலும் இருக்கிறது, கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். மாமியின் கணக்கைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பாம்பைக் காசு கொடுத்து வாங்கியது நாம். எலியைக் காசு கொடுத்து வாங்கியது நாம். இரண்டையும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு மூடியை அழுத்தி மூடியதும் நாம். இதில் பாம்பின் கர்மா எங்கிருந்து வந்தது? அதற்குப் பசிக்கிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். எலி சாகப் போகிறது என்று முடிவு செய்தது கடையில் பணம் கொடுத்த கை. எப்படிச் சாகும் என்று முடிவு செய்வதும் அந்தக் கைதான். பொறுப்பைப் பாம்பின் வாயில் திணித்துவிட்டு நாம் நகர முடியாது.

அடுத்த காரணம், 'இயற்கை'. காட்டில் பாம்பு செத்த எலியையா தேடிக்கொண்டு போகிறது, உயிரோடு பிடிப்பதுதானே இயற்கை என்பார்கள். காட்டில் எலிக்கு வளை இருக்கிறது, புதர் இருக்கிறது, ஓட இடம் இருக்கிறது. பாம்பு பாய்ந்து தவறவிட்டால் எலிக்கு அன்றைக்கு ஆயுசு கெட்டி. பாம்புக்கும் அதே சுதந்திரம் உண்டு, வேண்டாம் என்றால் விலகிப் போய்விடும். மூன்றடிக் கண்ணாடித் தொட்டிக்குள் எலிக்கும் வழியில்லை, பாம்புக்கும் வழியில்லை. டியூப்லைட், ஹீட்டர், தெர்மோஸ்டாட் எல்லாம் வைத்துவிட்டு எலி விஷயத்தில் மட்டும் இயற்கை பேசுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

பாம்பு மேல் பாசம் இருக்கிறவர்களும் இதைக் கேட்க வேண்டும். எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. மரத்தைக் கொறிக்கிற பற்கள். பாம்புக்கு அன்று பசி இல்லையென்றால், அல்லது சட்டை உரிக்கிற சமயத்தில் கண் மங்கி இருந்தால், அது எலியைத் தொடாது. அந்த எலியை இரவு முழுக்கத் தொட்டியிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போனால் எலிக்குப் பசிக்கும். அது பாம்பைக் கொறிக்கும். பாம்பு திருப்பித் தாக்கும் என்று நினைப்போம். பல சமயம் அது சும்மா சுருண்டே கிடக்கும், முதுகில் சதை போய் எலும்பு தெரிகிற வரைக்கும். ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவர்களுக்கு இது பழகிப்போன காயம். சரியாகப் பிடித்துவிட்டாலும் ஆபத்து இல்லாமல் இல்லை. பின்பக்கமாகப் பிடித்துவிட்டால் எலியின் வாய் வெளியேதான் இருக்கும், கண்ணையோ வாயையோ கடித்துவிடும்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பாம்பு சரியாகப் பிடித்துச் சுற்றிவிட்டால் எலி சீக்கிரமே போய்விடுகிறது. மூச்சுத் திணறித்தான் சாகிறது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். 2015-ல் போவா பாம்புகளை வைத்து நடந்த ஓர் ஆராய்ச்சியில், இறுக்கிய சில நொடிகளிலேயே இரையின் ரத்த ஓட்டம் தடைபட்டுவிடுவது தெரிந்தது. ஆக, அந்தக் கடைசி நிமிடம் நாம் நினைப்பதைவிடக் குறைவான கொடுமையாக இருக்கலாம். என் கவலை அதற்கு முந்தைய நேரத்தைப் பற்றியது. வேட்டைக்காரன் வாசம் நிறைந்த, ஒளிய இடமில்லாத பெட்டிக்குள் எலி ஓரமாக ஒண்டிக்கொண்டு நிற்கிற அந்த அரை மணி, ஒரு மணி நேரம். 'எலி கத்தவே இல்லையே' என்பார்கள். வளர்ந்த எலி பயத்தில் எழுப்புகிற ஒலி சுமார் 22 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காது 20-க்கு மேல் கேட்காது. கத்துகிறது, நமக்குத்தான் கேட்கவில்லை.

இதைப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து, பக்கத்து வீட்டுப் பையன்களையும் அழைத்து, செல்ஃபோனில் படம் பிடிக்கிற வழக்கமும் இருக்கிறது. வாழ்க்கைப் பாடமாம். 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். வெறும் பொழுதுபோக்குக்காக ஒரு பிராணியை அடைத்து வைத்து இன்னொரு பிராணிக்கு இரையாக்குவது குற்றம் என்று அதில் இருக்கிறது. சாப்பாட்டுக்காகத்தான் போட்டேன் என்று வாதாடலாம். கைதட்டி வீடியோ எடுத்து நாலு குரூப்பில் அனுப்பிய பிறகு அந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும்? சட்டம் கிடக்கட்டும், பிள்ளை அதில் என்ன கற்றுக்கொள்கிறான்? சாவைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறானா, இல்லை சாவை ரசிக்கவா?

ஃப்ரீசர் எலி என்றால் எல்லாம் சுபம் என்று நான் சொல்லவில்லை. எலி அப்போதும் சாகத்தான் செய்கிறது. ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். வளர்ந்த பால் பைதானுக்கு இரண்டு வாரத்துக்கு ஓர் எலி என்றால் வருடத்துக்கு 26. நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் அது இருபது, முப்பது வருடம் இருக்கும். இருபது வருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 520 எலி. ஒரு பிறந்தநாள் பரிசுக்குப் பின்னால் ஐநூறு உயிர் வரிசையில் நிற்கிறது. பத்து வயதில் கேட்ட பையன் பதினெட்டில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விடுவான். மீதி முந்நூறு எலிக்கு ஐஸ் போக வைப்பது அப்பாவோ அம்மாவோதான். இதை வாங்கும் முன்பே பேசிவிட வேண்டும்.

உறைந்த எலி எப்படிச் செத்தது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. எலி வளர்த்து விற்கிற இடங்களில் பரவலாக இருப்பது கார்பன் டை ஆக்சைடு வாயுவை மெதுவாக ஏற்றி நினைவிழக்க வைத்துக் கொல்வது. அதுவும் வேதனையே இல்லாதது என்று எல்லா விஞ்ஞானிகளும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் பாம்புத் தொட்டிக்குள் நிற்கிற அந்த ஒரு மணி நேரத்தைவிட மேல். விற்பவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிறார் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். சிலர் உயிருள்ள வெள்ளெலியை டப்பாவில் போட்டு நேராக ஃப்ரீசரில் வைத்துவிடுகிறார்கள், 'தூங்கிற மாதிரி போயிடும்' என்று. போகாது. குளிரில் விறைத்துச் சாவது கொடுமையான சாவு. அதைச் செய்யவே கூடாது. அதே மாதிரி வீட்டில் பொறியில் விழுந்த எலி, வாட்ச்மேன் பிடித்துத் தந்த எலி, இதெல்லாம் பாம்புக்கு ஆகாது. அது யார் வீட்டு எலி மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ? எலி உடம்பில் இருக்கும் விஷம் பாம்பையும் கொல்லும்.

இப்போது மதுரைத் தம்பியின் கேள்வி, அதாவது கறி வைக்கிற ஃப்ரீசரில் எலியா என்பது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, வைக்கக் கூடாது. உறைய வைத்தால் பல ஒட்டுண்ணிகள் சாகும், ஆனால் சால்மோனெல்லா மாதிரி பாக்டீரியா சாகாது. அது சும்மா உறங்கும், ஐஸ் போனதும் எழுந்துகொள்ளும். 2014-ல் அமெரிக்காவில் பல மாநிலங்களில் பரவிய சால்மோனெல்லா தொற்று, பாம்புக்கு விற்கப்பட்ட உறைந்த எலிகளிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார்கள். பிரிட்டனில் 2015-ல் தொடங்கி வருடக்கணக்கில் நீடித்த இன்னொரு தொற்றில் நூற்றுக்கணக்கானவர்கள் படுத்தார்கள், அதில் குழந்தைகள் நிறைய. அமெரிக்காவின் சி.டி.சி. சொல்வது எளிமையான விஷயம்: சாப்பாடு வைக்கிற, சமைக்கிற, சாப்பிடுகிற இடத்துக்கு எலி வரக் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள், அறுபத்தைந்துக்கு மேலே உள்ளவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் இதைத் தொடவே கூடாது. ஊரிலிருந்து பேரனைப் பார்க்க வந்து மூன்று மாதம் தங்குகிற அம்மா அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் எலிக்குத் தனி ஃப்ரீசர். மைனஸ் 18 டிகிரிக்குப் போகிற சின்ன ஃப்ரீசர் ஒன்று, பால்கனிப் பக்கமோ ஸ்டோர் ரூமிலோ. அதற்கென்று தனி டப்பா, தனிப் பாத்திரம், தனி இடுக்கி. இவை சமையலறை சிங்க்குக்கு வரக் கூடாது. வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் தெரியாமல் திறந்து பார்த்து அலறுவது நமக்கு நகைச்சுவை, அவருக்கு இல்லை. விருப்பமில்லை என்றால் அந்தப் பக்கம் அவர் போக வேண்டியதே இல்லை என்றும் சொல்லுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒப்பந்தத்தையும் ஒரு தடவை பாருங்கள். முட்டை கூட சமைக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு வீடு தருகிற ஊர்களில் நம்மாட்கள் நிறைய பேர் இருக்கிறோம்.

செய்முறை கம்பசூத்திரம் இல்லை. பாம்பின் உடம்பு எங்கே அதிகம் பருமனோ அந்த அளவு பருமனுள்ள எலி போதும். பைக்குள் போட்டுக் கட்டிய எலியை முந்தைய இரவே எடுத்து, அந்த எலிப் பெட்டியிலேயே குளிர்ச்சி குறைந்த தட்டு இருந்தால் அதில் மெதுவாக ஐஸ் போக விடலாம். இல்லையென்றால் கட்டிய பையோடு குளிர்ந்த தண்ணீரில் போடலாம். சமையல் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். உள்ளே வரைக்கும் ஐஸ் போனதும் பையோடு வெந்நீரில், சுமார் 40 டிகிரி, கொஞ்ச நேரம். மைக்ரோவேவ் கூடவே கூடாது, ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் ஐஸாக இருக்கும், வெடித்தும் தொலைக்கும். சூடாக்குவது எதற்கு என்றால், பால் பைதானின் உதட்டோரம் வெப்பத்தை உணர்கிற சின்னக் குழிகள் இருக்கின்றன. சூடு இருந்தால்தான் அது சாப்பாடு என்று அதற்குப் புரியும். நடுவில் ஐஸோடு விழுங்கிவிட்டால் கக்கிவிடும். சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் தூக்கிக் கொஞ்சக் கூடாது. மிச்சமானதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. கரண்ட் போய் மொத்தமும் இளகிவிட்டால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'எங்க பாம்பு செத்ததைத் தொடவே தொடாது' என்பதுதான் கடைசிக் காரணம். உண்மைதான், சில பாம்புகள் அடம் பிடிக்கும். உயிருள்ள இரைக்கே பழகியவையும், காட்டில் பிடித்தவையும் ரொம்பவே. ஆனால் பொறுமையாகப் பழக்கினால் பெரும்பாலானவை மாறும். அந்தி சாய்ந்த பிறகு கொடுங்கள். எலியின் தலையை மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாக்குங்கள். இடுக்கியில் லேசாக அசைத்துக் காட்டுங்கள். எடுக்கவில்லையா, அன்றைக்கு விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். ஆரோக்கியமான வளர்ந்த பால் பைதான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கக் கூடியது. நம் வீட்டுப் பிள்ளை ஒரு வேளை சாப்பிடாவிட்டால் பதறுகிற மாதிரி இதற்குப் பதற வேண்டாம். எடை குறைந்தால்தான் பதற வேண்டும், அப்போது போக வேண்டிய இடம் ஊர்வன தெரிந்த மருத்துவர். குளிர் காலத்தில் சாப்பிடவில்லை என்றால் முதலில் தொட்டியின் சூட்டைப் பாருங்கள். சென்னைக்காரர்களுக்கு டெல்லி ஜனவரியும் பெங்களூர் டிசம்பரும் ஸ்வெட்டர் சமாச்சாரம். பாம்புக்கு அது செரிமானச் சமாச்சாரம். வெளிச்சூடு இல்லாமல் அதன் வயிறு வேலை செய்யாது. பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு அவசரமாக எலி போட்டுவிட்டுப் போவதும் தப்பு. பத்து நாள் பட்டினி கிடப்பது அதற்கு ஒன்றுமே இல்லை, தண்ணீரும் சூடும் இருந்தால் போதும். தினமும் வந்து அதைப் பார்க்க ஒரு ஆள் மட்டும் வேண்டும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, 'அய்யோ, எங்களால் ஆகாது சாமி' என்று சொல்கிற குடும்பத்தை நான் குறைவாக நினைக்க மாட்டேன். நேர்மையான பதில் அது. தங்கமணியும் அதே பதில்தான் சொன்னார், எங்கள் வீட்டில் பாம்பு இல்லை, விஷயம் முடிந்தது. பிள்ளைக்கு ஊர்வன மேல் ஆசை இருந்தால் விடுமுறையில் சென்னைக்குப் போகிறபோது கிண்டி பாம்புப் பண்ணைக்கும், மகாபலிபுரம் போகிற வழியில் முதலைப் பண்ணைக்கும் கூட்டிப் போங்கள். புனேக்காரர்களுக்குக் கட்ராஜ் பக்கத்திலேயே இருக்கிறது. எலி வேண்டாம், கீரை தின்கிற பிராணி போதும் என்று இகுவானா பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: உள்ளங்கை அளவில் வாங்குகிற பச்சை இகுவானா ஐந்தடி வளரும். அதற்கும் பதிவு வேண்டும். நட்சத்திர ஆமையைத் தொடவே தொடாதீர்கள், அது சட்டப்படி நேராகக் குற்றம்.

வளர்ப்பது என்று முடிவானால், பாம்பு வாங்கும் முன்பு எலி வாங்குங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உறைந்த எலி உங்கள் ஊரில் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், எல்லா ஊரிலும் கிடைக்காது. ஃப்ரீசரை வாங்கி வையுங்கள். இரண்டு எலி வாங்கி அதில் போட்டு ஒரு மாதம் வீட்டில் இருக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனையோ பெண்ணையோ, சின்னக் குழந்தை இல்லை என்றால், கூட வைத்துக்கொண்டு ஒன்றை ஐஸ் போக வைத்து இடுக்கியில் எடுத்துப் பாருங்கள். இது நேற்று வரை மூச்சு விட்ட ஜீவன், உன் பாம்புக்காகச் செத்தது, இதற்குக் குறைந்த வேதனை கொடுப்பது நம் கடமை என்று நேராகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பிள்ளை கை கழுவிவிட்டு வந்து 'சரிப்பா, நான் பார்த்துக்கறேன்' என்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினால், ஃப்ரீசரை ஐஸ்கிரீம் கடைக்காரர் யாருக்கும் விற்றுவிடாதீர்கள், நன்றாகக் கழுவி மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் யாருக்காவது கொடுங்கள். அவர்களுக்கும் உறைந்த புழு வைக்க இடம் தேவைப்படுகிறது.

பி.கு: இரண்டாம் கை பாம்பு, 'ஆன்சைட் போறோம், யாராவது எடுத்துக்கறீங்களா' என்று இலவசமாக வருவதுண்டு. அதை எடுப்பவர்கள் பதிவு பேப்பரோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள், இதுவரை என்ன எலி கொடுத்தீர்கள், உயிரோடா, உறைந்ததா என்று. முதுகில் தழும்பு இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.